டேகேர் ஆப் எழுதும் முன் டயப்பர் மேசைப் பக்கம் ஒரு நாள் நில்லுங்கள்

கேள்வி இதுதான்: நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து டேகேர் டீச்சர்களையும் பெற்றோரையும் இணைக்கும் ஒரு மொபைல் ஆப் செய்கிறீர்கள். சாட், போட்டோ, தினசரி அறிக்கை, நேரலை கேமரா, வளர்ச்சி வரைபடம், கட்டணம் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. எதில் தொடங்குவது, சாட்டை எப்படி அமைப்பது, ஒரே ஆப் போதுமா இரண்டு வேண்டுமா?

சுருக்கமாகச் சொன்னால், வருகைப்பதிவு, அன்றைய குறிப்பு, போட்டோ, ஒரு செய்திப் பெட்டி. முதல் வெர்ஷனுக்கு இந்த நாலும் போதும், கேமராவைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். ஏன் என்பதுதான் நீளமான பதில். இந்த மாதிரி ஒரு ஆப்பில் சில வருடம் வேலை பார்த்தேன், அங்கே நாங்கள் செய்த தப்புகளில் பாதி உங்கள் பட்டியலில் இப்போதே தெரிகிறது. அது முழுக்கப் பெற்றோருக்குப் பிடிக்கிற பட்டியல். டெமோ பார்த்து ஆஹா என்பது அவர்கள்தான், அதனால் எல்லோருமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அவர்கள் போனில் போய் விழும் ஒவ்வொரு வரியையும் இந்தப் பக்கம் யாரோ ஒருவர் தட்டியாக வேண்டும், அந்த ஆளுக்கு அப்போது பெரும்பாலும் ஒரு கைதான் காலியாக இருக்கும்.

காலை பதினொன்றே முக்கால், ஒரு வயதுகூட ஆகாத குழந்தைகளின் அறை. டயப்பர் மாற்றும் மேசையில் ஒரு குழந்தை. டீச்சரின் இடது கை அதன் வயிற்றின் மேல் இருக்கிறது, எடுத்தால் புரண்டு விழுந்துவிடும். வலது கையில் கையுறையும் ஈரத் துடைப்பானும். பின்னால் கட்டிலில் ஒன்று எழுந்து அழ ஆரம்பித்துவிட்டது, தரையில் இன்னொன்று பக்கத்துக் குழந்தையின் முடியைப் பிடித்து இழுக்கிறது. மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள், அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. குழந்தையை இறக்கிவிட்டு, கை கழுவிவிட்டு, போகிற போக்கில் '11:45 ஈரம்' என்று எழுதி இனிஷியல் போடுகிறார். மூன்று விநாடி ஆகியிருக்கும். உங்களுக்குப் போட்டி அந்தத் தாள்தான், வேறு எந்த ஆப்பும் இல்லை.

எங்கள் முதல் வெர்ஷனில் அதே விஷயத்தைப் பதிய ஒன்பது தட்டு தட்ட வேண்டியிருந்தது. லாக்கைத் திற, அறையைத் தேர்ந்தெடு, குழந்தை, வகை, டயப்பர், ஈரமா மலமா, குறிப்பு, சேமி, அப்புறம் 'நிச்சயமாகச் சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி வேறு. டீச்சர்கள் எங்களிடம் குறை சொல்லவே இல்லை. பதிவுகளும் தினமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, நாங்களும் சந்தோஷமாக இருந்தோம். ஒரு நாள் வேறு எதற்கோ தரவுத்தளத்தைப் பார்க்கும்போது, எல்லாப் பதிவும் மதியம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரைக்குள் சர்வருக்கு வந்திருப்பது கண்ணில் பட்டது. பதிந்திருந்த நேரங்களோ 9:00, 9:30, 10:00 என்று அழகாக வட்டமாக இருந்தன. விஷயம் என்னவென்றால், எல்லோரும் காலை முழுக்கத் தாளில் எழுதிவிட்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு, தங்கள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, அதையே ஆப்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாளில் எழுத விட்டுப்போனது நினைவிலிருந்து. பெற்றோருக்கு அது நேரடி ஒளிபரப்பு மாதிரி தெரிந்தது, உண்மையில் மதியத்து ஞாபகம். நாங்கள் ஒருவருடைய வேலையை இரண்டாக்கிவிட்டு அதற்கு வசதி என்று பேர் வைத்திருந்தோம்.

அதனால் முதல் நாளே செய்ய வேண்டிய ஒன்று: ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரம் வையுங்கள், நடந்த நேரம் ஒன்று, பதிந்த நேரம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். உங்கள் ஆப் பயன்படுகிறதா என்பதை வேறு எந்த எண்ணிக்கையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. இன்னொரு அளவுகோலும் உண்டு, சுவரில் அந்தத் தாள் இன்னும் தொங்குகிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது.

திரையைப் பற்றி. டீச்சர் பக்கத்துக்கு முகப்புத் திரை என்றால் அறையில் இப்போது இருக்கும் குழந்தைகளின் முகங்கள், அவ்வளவுதான். மெனு வேண்டாம், புள்ளிவிவரம் வேண்டாம், 'இனிய காலை வணக்கம்' வேண்டவே வேண்டாம். முகத்தைத் தொட்டால் ஐந்தாறு பெரிய பொத்தான்கள், அதில் ஒன்றைத் தொட்டால் பதிவு முடிந்தது, நேரம் தானாக விழ வேண்டும். பொத்தானுக்குக் குறைந்தபட்சம் 48 டிபி என்று கூகுளும் 44 பாயிண்ட் என்று ஆப்பிளும் சொல்கின்றன (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்), அது காய்ந்த விரலோடு நிதானமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கான அளவு. ஈரக் கைக்கும், கையில் தூக்கிய குழந்தை திரையைத் தட்டும் சூழலுக்கும் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். 'நிச்சயமா?' என்று கேட்பதைவிட, பதிந்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் 'ரத்து செய்' என்ற பொத்தானைக் காட்டி, அந்த நேரம் கடந்த பிறகே பெற்றோருக்குப் போகவிடுவது மேல். தவறான குழந்தையின் மேல் விரல் படுவது தினமும் நடக்கும். இரட்டையர் இருப்பார்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், பெயரை மட்டும் நம்பி வடிவமைத்தால் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லோரும் சேர்ந்து செய்ததை ஒரே பதிவில் முடிக்க வழி வேண்டும். பத்துக் குழந்தையும் மதியச் சாப்பாடு முடித்தார்கள் என்றால், 'எல்லோரும்' தொட்டு, 'முழுவதும் சாப்பிட்டார்கள்' தொட்டு, சாப்பிடாத இரண்டு முகத்தை மட்டும் தனியாக மாற்றுவது. இதே வசதியைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், அங்கேதான் நாங்கள் மாட்டினோம். சின்னக் குழந்தைகள் தூங்கும்போது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் போய், மல்லாந்து படுத்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பது பல காப்பகங்களில் கட்டாயம். அதற்கும் 'எல்லோரும்' பொத்தான் வைத்தோம். வசதி என்னவோ வசதிதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறு குழந்தைகளையும் 'பார்த்தாயிற்று' என்று தட்டிவிடலாம், போன அரை மணிக்கும் சேர்த்துப் பின்தேதியிட்டும் தட்டலாம். பிறகு அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தட்டு, பின்தேதி கிடையாது, தவறினால் தவறியது என்றே பதிவாகும் என்று மாற்றினோம். எங்கே வேகம் வேண்டும், எங்கே வேண்டுமென்றே தடை வைக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

மருந்தும் அப்படித்தான். டயப்பருக்கு இரண்டு தட்டு போதும், மருந்துக்கு மெதுவாக்குங்கள். பாராசிட்டமால் கொடுத்தால் அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஏழரைக்கு வீட்டில் கொடுத்துவிட்டு, அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டுப் போன பெற்றோரை நினைத்துப் பாருங்கள். பத்தரைக்கு உடம்பு சுடுகிறது என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? எனவே கேள்வி காலையில், குழந்தையை விடும்போதே, பெற்றோர் பக்கத் திரையில் வர வேண்டும்: இன்று வீட்டில் மருந்து கொடுத்தீர்களா, என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு? காப்பகத்தில் கொடுக்க வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் அந்தப் பொத்தானே திறக்கக் கூடாது, கொடுக்கும்போது இரண்டாவது ஆள் ஒருவர் தன் பின் நம்பரைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வாமை விவரம் சுயவிவரப் பக்கத்தின் மூன்றாவது டேபுக்குள் இருந்தால் பிரயோசனமில்லை. முகப்பில் குழந்தையின் முகத்தின் மேலேயே இருக்க வேண்டும், இணையம் இல்லாவிட்டாலும் தெரிய வேண்டும்.

இணையம் என்றதும் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எப்படியும் நீங்களே நன்றாகச் செய்வீர்கள். உட்புற அறைகளில் வைஃபை விட்டுவிட்டுத்தான் வரும். பதிவு முதலில் அறையில் இருக்கும் டேப்லெட் கணினியிலேயே உட்கார வேண்டும், நெட் வந்ததும் போகட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் டேப்லெட்டே தனி அடையாள எண் கொடுத்துவிட்டால் இரண்டு முறை அனுப்பினாலும் சர்வரில் ஒன்றாகவே நிற்கும். பழைய பதிவை மேலெழுதாதீர்கள், திருத்தம் என்றால் அதுவும் புதிய பதிவு. யார், எப்போது, எதை மாற்றினார் என்று பிறகு கேள்வி வரும், கட்டாயம் வரும். டேப்லெட்டின் கடிகாரத்தை நம்பாதீர்கள், பத்து நிமிடம் பின்னால் ஓடும் டேப்லெட் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். தீயணைப்பு மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடும்போது, கையில் இருக்கும் போனில் நெட்டே இல்லாமல் இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர், யார் யார், பெற்றோர் எண் என்ன என்று காட்ட வேண்டும். இதை ஒருமுறை உண்மையாகவே வெளியே நின்று சோதித்துப் பாருங்கள்.

வருகைப்பதிவை ஏன் முதலில் சொன்னேன் என்றால், நீங்கள் செய்யப்போகிறவற்றில் உயிர் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான். வழக்கமாக ஒன்பது மணிக்குள் வரும் குழந்தை ஒன்பதரை வரை வரவில்லை, வீட்டிலிருந்து தகவலும் இல்லை என்றால், ஆப் பெற்றோர் இருவருக்கும் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் டீச்சரின் திரையில் 'போன் செய்யுங்கள்' என்று நிற்க வேண்டும். பின் சீட்டில் தூங்கிவிட்ட குழந்தையை டேகேரில் விட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெற்றோர் வேலைக்குப் போய்விடும் விபத்து பல நாடுகளில் நடந்திருக்கிறது, அன்பு குறைவானவர்களுக்கு நடப்பதல்ல அது, வழக்கம் மாறிய ஒரு நாளில் மூளை செய்யும் வேலை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். அந்தக் கேள்வி மதியம் வந்தால் பயனில்லை.

சரி, பெற்றோர் பக்கம். அவர்களுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் நீளமாகச் சொல்வார்கள், பயன்பாட்டைப் பார்த்தால் சின்னது. காலையில் அழுதபடி விட்டுவிட்டு வந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. விட்டுவிட்டுப் போன பதினைந்து இருபது நிமிடத்தில் 'விளையாட ஆரம்பித்துவிட்டாள்' என்று ஒரு வரியும் ஒரு போட்டோவும் போனால், அன்றைக்குப் பத்து அழைப்பு குறையும். அதற்கென்று தனிப் பொத்தான் வையுங்கள். அப்புறம் சாப்பிட்டாளா, எவ்வளவு நேரம் தூங்கினாள், அதுவும் கூப்பிட வரும் நேரத்தில்தான் அவசியம், ஏனென்றால் இரவு எத்தனை மணிக்குத் தூங்கவைப்பது என்பது அதைப் பொறுத்தது. ஒவ்வொரு டயப்பருக்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் இரண்டாம் வாரமே எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள், அப்போது காய்ச்சல் செய்தியும் சேர்ந்து அணைந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 8-லிருந்து, அதாவது 2017 முதல், அறிவிப்புகளைத் தனித்தனி சேனல்களாகப் பிரிக்க முடியும். 'உடனே பார்க்க வேண்டியது', 'இன்றைய நாள்', 'பொது அறிவிப்பு' என்று மூன்றாகப் பிரியுங்கள், கடைசி இரண்டும் சத்தமில்லாமல் வரட்டும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும், ஆப்பைத் திறந்த முதல் விநாடியே கேட்டால் பழக்கதோஷத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிடுவார்கள். முதல் நாள் குழந்தையை விட்டுவிட்டு வெளியே வரும் நேரத்தில் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். இவ்வளவு செய்தும் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே செய்தியைத் தாமதமாகக் காட்டும். அதனால் அவசரம் என்றால் போன் அழைப்புதான், ஆப் அதற்கு மாற்று இல்லை என்று டீச்சர் திரையிலேயே எழுதி வையுங்கள்.

மாற்று வழியாக எஸ்எம்எஸ் வைப்பீர்கள், அதில் தமிழுக்கு ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து, தமிழ் மாதிரி யூனிகோடு மொழிகளில் 70 மட்டும். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து இல்லை, புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்பது நமக்குப் பன்னிரண்டு எழுத்து, இடைவெளியோடு சேர்த்து எஸ்எம்எஸ் கணக்கில் 23. ஆகவே வார்ப்புருக்களை முதலிலேயே சுருக்கமாக எழுதி எண்ணிப் பாருங்கள், 'மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தால் பாதி இடம் அதிலேயே போய்விடும்.

இப்போது அடி, கடி விவகாரம். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை குழந்தைகள் கடிப்பார்கள், அது அந்த வயதின் இயல்பு. ஆனால் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கும் அம்மாவுக்கு 'சம்பவ அறிக்கை: கடி' என்று சிவப்புப் பட்டையோடு ஒரு அறிவிப்பு வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஆப் அதைத்தான் செய்தது, நான்தான் அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு ஒரு அனுபவசாலி டீச்சர், தான் போனில் எப்படிச் சொல்வேன் என்று சொல்லிக் காட்டினார், அந்த வரிசையையே படிவமாக்கினோம். முதலில் இப்போது எப்படி இருக்கிறான், அடுத்து என்ன நடந்தது, அடுத்து நாங்கள் என்ன செய்தோம், கடைசியில் நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும். 'இப்போது மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறான். 11:20-க்கு ஒரு பொம்மைக்காக நடந்த இழுபறியில் இடது முன்கையில் கடிபட்டது, தோல் கிழியவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தோம். மாலைக்குள் சிவப்பு குறையாவிட்டால் பாருங்கள்.' அதே தகவல்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. தலையில் அடி என்றால் இந்தப் படிவம் பெற்றோருக்குப் போகும் முன் 'பெற்றோரிடம் போனில் பேசியாயிற்று' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

கடித்த குழந்தையின் பெயர் எங்கேயும் வரக் கூடாது. கட்டற்ற குறிப்புப் பெட்டியில் அவசரத்தில் பெயர் எழுதப்பட்டுவிடும், அதனால் அனுப்பும் முன் அந்த அறையில் இருக்கும் மற்றக் குழந்தைகளின் பெயர் குறிப்பில் இருக்கிறதா என்று ஆப் தேடி எச்சரிக்கட்டும். பத்து வரி கோட், நாங்கள் செய்ததிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது அதுதான். இன்னொன்று, வீட்டில் குழந்தைக்கு ஏதோ சரியில்லை, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று டீச்சர் சந்தேகப்பட்டால் எழுதி வைக்க இடம் வேண்டும். அந்தக் குறிப்பு பெற்றோருக்குத் தெரியும் எந்தத் திரையோடும் ஒட்டக் கூடாது, நிர்வாகத்தில் பொறுப்பான ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. 'பெற்றோருக்குக் காட்டாதே' என்று ஒரு டிக் பெட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு நாள் யாராவது அந்த டிக்கை மறப்பார்கள். தனி இடமாகவே கட்டுங்கள்.

சாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். திறந்த சாட் கொடுத்தால் டீச்சருக்கு இரண்டாவது வேலை ஒன்று கொடுத்ததாக ஆகும். காலை பத்தரைக்கு வந்த 'சாப்பிட்டானா?' என்ற செய்திக்கு அவர் ஒன்றரைக்குத்தான் பதில் எழுத முடியும், நடுவில் நீல டிக் விழுந்திருந்தால் பெற்றோருக்குக் கோபம், விழாவிட்டால் பயம். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் டீச்சருக்குச் செய்தி போகும், பதில் போடாவிட்டால் மறுநாள் வாசலில் முகம் திருப்பல். நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இது: செய்தி எந்த டீச்சருக்கும் தனியாகப் போகாது, அறைக்குப் போகும், அறையில் அன்றைக்கு இருப்பவர் பார்ப்பார். எழுதும் பெட்டிக்கு மேலேயே 'குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பதில் தருவோம், அவசரம் என்றால் அழையுங்கள்' என்று ஒரு வரி, பக்கத்தில் அழைப்புப் பொத்தான். மாலை மூடியதும் செய்தி எழுதலாம், ஆனால் காலையில்தான் போய்ச் சேரும். படித்தாயிற்று என்ற அடையாளம் 'அறை பார்த்தது' என்று மட்டும் காட்டும், யார் என்று காட்டாது.

பெற்றோர் எழுதுவதை ஒரு மாதம் படித்துப் பார்த்தால் பெரும்பகுதி நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்: இன்று வரமாட்டாள், தாமதமாக வருவோம், இன்று கூப்பிட வேறொருவர் வருவார், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இவற்றைப் பொத்தானாக்கிவிட்டால் சாட்டே பாதியாகக் குறையும். அதோடு பொத்தானாக இருப்பதை மொழிபெயர்ப்பது எளிது, டீச்சருக்கு ஒரு மொழி, பெற்றோருக்கு ஒரு மொழி என்றாலும் பிழை வராது. கட்டற்ற உரையை இயந்திரம் மொழிபெயர்த்தால் மூலத்தையும் கூடவே காட்டுங்கள், மருந்தின் அளவை மட்டும் இயந்திரத்திடம் விடவே விடாதீர்கள்.

இதற்கு வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால், பதினைந்து குழந்தைகள் உள்ள சின்னக் காப்பகத்துக்குப் பொது அறிவிப்புக்கு அது போதும், எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். குழந்தையைப் பற்றிய தனி விவரத்துக்கு அது சரிப்படாது. எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் குழந்தையின் போட்டோ முப்பது பேர் கேலரியில் போய் உட்காரும், வேலையை விட்டுப் போன டீச்சரின் போனில் அத்தனையும் அப்படியே இருக்கும். அப்புறம் ஒருவர் ஆரம்பித்தால் குரூப்பே சேர்ந்துகொள்ளும், அது எல்லோரும் பார்த்ததுதான்.

போட்டோவில் மூன்று விஷயம். எடுப்பது ஆப்புக்குள்ளேயே நடக்க வேண்டும், டீச்சரின் சொந்தக் கேலரியில் ஒன்றும் தங்கக் கூடாது, சர்வருக்குப் போகும் முன் போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் இடத் தகவலை நீக்கிவிட வேண்டும். அனுமதி என்பது ஒரே ஒரு டிக் இல்லை, 'என் வீட்டுக்கு மட்டும்', 'மற்றப் பெற்றோரும் பார்க்கும் குழுப் படம்', 'காப்பகத்தின் விளம்பரம்' என்று தனித்தனி. குழுப் படத்தில் அனுமதி இல்லாத குழந்தை இருந்தால் பகிரும் முன் டீச்சருக்குத் தெரிய வேண்டும். மூன்றாவதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்: பெற்றோர் எண்ணுவார்கள். எந்தக் குழந்தைக்கு எத்தனை படம் வந்தது என்று எண்ணி, 'என் பையன் படம் மட்டும் ஏன் வருவதில்லை' என்று கேட்பார்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைக்கு நிறைய வரும், மூலையில் அமைதியாகக் கட்டை அடுக்குகிற குழந்தைக்கு வராது. முகப்பில் இந்த வாரம் படமே இல்லாத முகத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், டீச்சருக்கு மட்டும் தெரியும்படி. பல சமயம் அந்தப் புள்ளி, யாரும் கவனிக்காமல் விட்ட குழந்தையையே காட்டிக்கொடுக்கும்.

நேரலை கேமராவை அடிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவரை வந்ததிலேயே இருக்கிறது. ஒரு பெற்றோர் திறந்தால் அறையில் உள்ள எல்லாக் குழந்தையும் தெரியும், பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, டீச்சர் குழந்தையைப் பார்ப்பதை விட்டுக் கேமராவுக்கு நடிக்க ஆரம்பிப்பார். விற்பனைக்கு உதவும், ஒத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2022-இல் டேகேர் ஆப்களை ஆராய்ந்தபோது, பிரபலமான ஆப்களில்கூட இரண்டடுக்கு உள்நுழைவு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு, இல்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. 2025 செப்டம்பரில் லண்டன் பகுதியில் உள்ள ஒரு மழலையர் காப்பகக் குழுமத்திலிருந்து சுமார் 8,000 குழந்தைகளின் பெயர், படம், முகவரி திருடப்பட்டு, சிலருடையதை வெளியிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். இரண்டடுக்கு உள்நுழைவு, வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவது, முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய போட்டோ லிங்க் எதுவும் இல்லாமல் பார்ப்பது, விளம்பர நிறுவனங்களின் நிரலை ஆப்புக்குள் சேர்க்காமல் இருப்பது, இவ்வளவாவது முதல் வெர்ஷனில் இருக்க வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 2018 மே முதல் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான், பெற்றோரின் ஒப்புதல் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரமும் கூடாது. குழந்தை காப்பகத்தை விட்டுப் போகும்போது பெற்றோர் படங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான், அதன்பிறகு அழிப்பு. சம்பவப் பதிவுகளை மட்டும் உரிம விதிப்படி வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பாதீர்கள்.

தரவுத்தளத்தில் 'அப்பா', 'அம்மா' என்று இரண்டு கட்டம் வைப்பதும் பின்னால் வலிக்கும். தாத்தா பாட்டி வளர்க்கும் குழந்தை இருக்கும், பிரிந்து வாழும் பெற்றோர் இருப்பார்கள், ஒருவர் குழந்தையை அழைத்துப் போகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் இருக்கலாம். 'பொறுப்பாளர்' என்று எத்தனை பேர் வேண்டுமானாலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை: யார் படம் பார்க்கலாம், யார் செய்தி அனுப்பலாம், யார் அழைத்துப் போகலாம். ஒருவர் காப்பகத்துக்கு அனுப்பும் செய்தியை மற்றவர் பார்க்கலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். வேறொருவர் கூப்பிட வந்தால் டீச்சர் திரையில் அவருடைய படம் பெரிதாக வர வேண்டும். மாலை ஆறு மணிக்கு வாசலில் எட்டுப் பேர் நிற்கும்போது பெயரைக் கேட்டு நம்புவது எவ்வளவு எளிது என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரே ஆப்பா இரண்டா? இரண்டு. அறையில் கிடக்கும் பொது டேப்லெட்டுக்கு ஒன்று, அதில் ஒவ்வொரு டீச்சருக்கும் நாலு இலக்க பின். பெற்றோர் போனுக்கு இன்னொன்று. சர்வர் ஒன்று. ஒரே ஆப்பில் வேடம் மாற்றிக் காட்டலாம் என்று பார்த்தால், டீச்சரே பெற்றோராகவும் இருக்கும் முதல் நாளில், தன் குழந்தை இருக்கும் அறையின் எல்லாக் குறிப்பும் அவருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு அது மூன்றாவது வாரத்திலேயே நடந்தது. வளர்ச்சி வரைபடத்தை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளுங்கள், மதிப்பெண் மாதிரி ஏதாவது தெரிந்தால் பெற்றோர் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கட்டணம் தனி உலகம், அதற்கு ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு காப்பகத்தில் அனுமதி வாங்கி, இரண்டு வாரத்துச் சுவர்த் தாள்களைப் பெயர்களை மறைத்துக் கேட்டு வாங்குங்கள். அச்சடித்த கட்டங்களைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், ஓரத்தில் கிறுக்கியிருப்பதைப் படியுங்கள். 'பாட்டி வருவார், கண்ணாடி போட்டிருப்பார்', 'பச்சைப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டாள்', 'மீதிப் பால் ஃப்ரிட்ஜில்' என்று இருக்கும். எங்கள் ஆப்பில் அதற்கெல்லாம் கட்டமே இல்லை.